உங்களுக்குத் தெரியுமா? குப்பையில் முளைத்த கேள்விகள்

தண்ணீரைப் பிடித்துவைத்த பழத்தோல்

தென்னாப்பிரிக்காவில் 1904-ல் மழைக்கணக்கு எழுதத் தொடங்கினார்கள். அதிலிருந்து பார்த்தால் மிகக் குறைவாக மழை பெய்த ஆண்டு 2015. அடுத்த ஆண்டும் வறட்சி விடவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் படித்துக்கொண்டிருந்த 16 வயது கியாரா நிர்கின் அப்போது ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார். பெய்கிற கொஞ்ச மழையை வேரருகிலேயே தேக்கி வைக்க வழி உண்டா?

அதற்கென்றே நீருறிஞ்சிப் பொடிகள் கடையில் கிடைக்கின்றன. குழந்தைகளின் டயப்பருக்குள் இருக்கும் பொடியும் அந்த வகைதான். ஆனால் அவை பெட்ரோலியத்திலிருந்து வருபவை. விலை கூடுதல், மண்ணில் எளிதில் மக்குவதும் இல்லை. பழச்சாறு ஆலைகள் மலைமலையாகக் கொட்டும் ஆரஞ்சுத் தோலில் பெக்டின் இருக்கிறது. ஜாம் கெட்டியாக நிற்பதே பெக்டினால்தான். நீரைக் கண்டால் ஊதிப் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு. கியாரா அந்தத் தோலையும் வெண்ணெய்ப்பழத் தோலையும் சேர்த்து, சூட்டிலும் வெளிச்சத்திலும் பதப்படுத்திப் பொடி செய்தார். தன் எடையைப் போல 300 மடங்கு நீரை அது பிடித்ததாக அவருடைய அறிக்கை சொன்னது. 2016-ல் கூகுள் அறிவியல் கண்காட்சியின் முதல் பரிசும் 50,000 டாலரும் அவருக்குக் கிடைத்தன.

அதற்கும் 40 ஆண்டு முன்பு

நீருறிஞ்சிப் பொடியின் வரலாறும் விளைபொருளில்தான் தொடங்குகிறது. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் 1970-களில் மக்காச்சோள மாவோடு ஒரு செயற்கைப் பொருளை இணைத்தார்கள். தன் எடையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நீரை அது உறிஞ்சியது. ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’ என்று செல்லப் பெயரும் வைத்தார்கள்.

ராஜஸ்தானிலிருந்து ஓகினாவாவுக்கு

நம் நாட்டிலும் இதே கேள்வியைக் கேட்ட ஒரு மாணவர் உண்டு. ராஜஸ்தானின் விவசாயக் குடும்பத்தில் பிறந்த நாராயண் லால் குர்ஜர், உதய்பூரில் வேளாண் பொறியியல் படித்தவர். தண்ணீரில்லாமல் வீட்டு நிலம் விளையாமல் போவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். பழத்தோல்களைக் கொண்டு முழுதும் மக்கிப்போகும் நீருறிஞ்சியை உருவாக்கினார். பிறகு ஜப்பானின் ஓகினாவா அறிவியல் கல்வி நிறுவனம் அவரை அழைத்துத் துணை நின்றது. இன்று அவருடைய ‘ஈஎஃப் பாலிமர்’ நிறுவனம் அதைத் தயாரித்து விற்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பொடி பிடிக்கும் நீர் தன் எடையைப் போல 50 மடங்கு என்றுதான் அந்த நிறுவனம் சொல்கிறது. 300 எங்கே, 50 எங்கே என்று தோன்றலாம். பொருளும் வேறு, அளந்த முறையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குவளையில் ஊற்றிய சுத்தமான நீரில் அளப்பது வேறு, உப்பும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் நடப்பது வேறு. நீரில் உப்பு கூடக் கூட இத்தகைய பொடிகளின் உறிஞ்சும் திறன் குறைந்துவிடும். பள்ளியில் இதைச் செய்து பார்க்கும் பிள்ளைகள் குழாய்த் தண்ணீரிலும் ஒருமுறை, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். நம் ஊருக்குப் பயன்படும் எண் அதுதான்.

57 கிராம் ரகசியம்

சுமார் 400 ஆண்டுக்கு முன் பெல்ஜியப் பகுதியில் வாழ்ந்த மருத்துவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட். உலர்த்திய மண் 200 பவுண்டைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். தண்ணீரைத் தவிர வேறெதுவும் தரவில்லை. 5 ஆண்டு கழித்துப் பிடுங்கி எடை போட்டபோது மரம் 169 பவுண்டு இருந்தது. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தார். குறைந்திருந்தது 2 அவுன்ஸ் மட்டும். நம் கணக்கில் மரம் சுமார் 75 கிலோ கூடியது, மண் சுமார் 57 கிராம் குறைந்தது. அவர் இறந்த பிறகு 1648-ல் வெளியான நூலில் இந்தச் சோதனை இடம்பெற்றது.

மரம் முழுக்க நீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அது தவறு. காற்றிலிருக்கும் கரியமில வாயுவைச் செடி உணவாக்குகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் பொருட்படுத்தாமல் விட்ட அந்த 2 அவுன்ஸ் இருக்கிறதே, இந்தப் பத்தி முழுவதும் அதைப் பற்றித்தான். மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்பு, இரும்பு என்று செடி மண்ணிலிருந்து எடுப்பது அவ்வளவே. அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் 75 கிலோ மரம் இல்லை. சருகிலும் தோலிலும் ஓட்டிலும் நாம் மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது அந்தக் கொஞ்சத்தைத்தான்.

குப்பை என்றால் உரம்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘வயலுக்குக் குப்பை அடிக்கிறோம்’ என்றால் வண்டியில் தொழு உரம் ஏற்றிப் போய் நிலத்தில் கொட்டுகிறார்கள் என்று பொருள். வேண்டாததைச் சுட்டும் சொல்லும் நிலத்துக்கு மிக வேண்டியதைச் சுட்டும் சொல்லும் ஒன்றாகவே இருந்தன. வைக்கோல், சாணம், அடுப்புச் சாம்பல், கூட்டிய சருகு எல்லாம் கொல்லைக் குழிக்குப் போய், கோடையில் வயலுக்குப் போகும். நெகிழி வந்த பிறகுதான் குழிக்குப் போகக்கூடாத குப்பை என்று ஒன்று உருவானது.

இந்த மரபை ஆய்வுக்கூட முறையில் எழுதி உலகுக்குத் தந்த இடம் இந்தூர். 1924 முதல் 1931 வரை அங்கே பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டும் அவருடன் உழைத்த யஷ்வந்த் வாடும் தழை, சாணம், மண், சாம்பல் இவற்றை அடுக்கி, கிளறி, சுமார் 3 மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார்கள். இருவர் பெயரிலும் 1931-ல் நூல் வெளிவந்தது. ஹோவர்டின் பெயரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. வாடின் பெயரையும் பாடப்புத்தகங்கள் சொல்ல வேண்டும்.

காபிச் சக்கையில் குன்றிய செடி

காபி வடிகட்டிய சக்கையை நேராகச் செடிக்குப் போட்டால் செழிக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ப்ராக்கோலி, முள்ளங்கி, லீக், சூரியகாந்தி, வயோலா ஆகிய ஐந்து செடிகளில் இதைச் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். சக்கை கலந்த மண்ணில் செடிகள் வெகுவாகக் குன்றிப்போயின. கூடுதல் உரம் கொடுத்தும் தேறவில்லை. சக்கையில் மிஞ்சியிருக்கும் பொருள்களே வளர்ச்சியைத் தடுத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

சக்கை தீயது என்று இதற்குப் பொருளில்லை. மக்க வைத்துப் போட்டால் நல்ல எரு. பச்சையாகப் போடுவதுதான் தவறு. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். எல்லோரும் நன்று என்று சொன்னதை நட்டுப் பார்த்து, இல்லை என்று சொல்லும் நேர்மை அதில் இருக்கிறது.

பசித்திருக்கும் நுண்ணுயிர்

மரத்தூளைத் தொட்டியில் கலந்த பிள்ளைகள் சில வாரத்தில் இலை மஞ்சளாவதைப் பார்த்து வருந்துவார்கள். காரணம் எளிது. மரத்தூளில் கரிச்சத்து (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. இந்த விகிதம் 200-க்கு 1, சில மரங்களில் 500-க்கு 1 வரை போகும். மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 25 முதல் 30-க்கு 1 என்ற விகிதம் வேண்டும். தட்டுப்பாட்டை ஈடுகட்ட அவை மண்ணிலிருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். சாணமோ பச்சைத் தழையோ சேர்த்து முதலில் மக்க வைத்தால் இந்தச் சண்டையே வராது.

சத்துணவு முட்டையின் ஓடு

தமிழ்நாட்டில் சத்துணவுக்கூடம் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பொருள் நாள்தோறும் குவிகிறது. முட்டை ஓடு. ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். ஒரு ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கும். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ‘முட்டை ஓட்டு உரம்’ தவறாமல் இடம்பெறுவதில் வியப்பில்லை.

ஆனால் கையால் நொறுக்கி மண்ணில் தூவிய ஓடு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அமெரிக்காவின் அலபாமாவில் இதை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மாவாக அரைத்த ஓடு சுண்ணாம்புத் தூளைப் போல வேலை செய்தது. கையால் நொறுக்கியதற்கும் எதுவும் போடாததற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதோடு, ஓடு கரைய மண்ணில் புளிப்பு வேண்டும். நீலகிரித் தேயிலை மண் புளித்த மண், அங்கே கரையும். நம் சமவெளியின் பெரும்பகுதி நடுநிலை மண், அல்லது களர் சாய்ந்த மண். அங்கே முட்டை ஓடு தேவைப்படுவதும் குறைவு, கரைவதும் மெதுவாகவே.

ஒரு வகுப்பு வேலை சொல்கிறேன். ஓட்டை மிக்ஸியில் மாவாக அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் நொறுக்கியது, இன்னொன்றில் மாவு. இரண்டிலும் வினிகர் ஊற்றுங்கள். எதில் நுரை சீக்கிரம் பொங்குகிறது? பரப்பு கூடினால் வினை விரைவாகும் என்ற பாடத்தை மூன்று நிமிடத்தில் கண்ணால் படித்துவிடலாம்.

தோல் ஊறிய தண்ணீர்

வாழைப்பழத் தோலை ஊறவைத்த நீரில் சாம்பல்சத்து ஓரளவு இறங்கும், ஏனெனில் அது நீரில் கரையக்கூடியது. தழைச்சத்து ஏறக்குறைய இறங்காது. அது தோலின் திசுவுக்குள் கட்டுண்டு கிடக்கும். தோலை நறுக்கி எருக்குழியில் போடுவதே மேல். வாழையில் தோலைவிடப் பெரிய கழிவு தண்டு. தார் வெட்டியதும் சாய்க்கப்படும் அந்தத் தண்டின் சாற்றிலிருந்து குஜராத்தின் நவ்சாரி வேளாண் பல்கலைக்கழகம் ‘நாவல்’ என்ற பெயரில் திரவ உரமே தயாரித்திருக்கிறது.

12,000 டன் தோலும் ஒரு காடும்

கோஸ்டாரிகாவின் குவானகாஸ்தே பகுதியில் சூழலியலாளர்கள் டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்ஸும் 1990-களில் ஒரு பழச்சாறு நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டார்கள். நிறுவனம் தன் காட்டு நிலத்தைத் தேசியக் காப்பகத்துக்குத் தர வேண்டும். பதிலுக்கு ஆரஞ்சுத் தோலைக் காப்பகத்தின் பாழ்பட்ட மேய்ச்சல் நிலத்தில் கொட்டிக்கொள்ளலாம். சுமார் 1,000 லாரிகளில் 12,000 டன் தோலும் சக்கையும் வந்து 3 ஹெக்டேரில் குவிந்தன. ஈக்களின் புழுக்களும் பூஞ்சைகளும் மொய்த்தன. பல மாதத்தில் அந்த நாறும் குவியல் கருத்த மண்ணாயிற்று. இதற்குள் போட்டி நிறுவனம் ஒன்று காப்பகத்தை மாசுபடுத்துகிறார்கள் என்று வழக்குத் தொடுத்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை ஏற்க, திட்டம் நின்றது. எல்லோரும் மறந்தும் போனார்கள்.

2013-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் திமோத்தி ட்ரூயர் அந்த இடத்தைத் தேடிப் போனார். அடையாளத்துக்கு வைத்திருந்த ஆளுயரத்தைவிட நீளமான மஞ்சள் பலகை கண்ணில் படவில்லை. மரமும் கொடியும் அதை மூடியிருந்தன. மாணவர்கள் கற்க வேண்டியது அடுத்து அவரும் அவருடைய குழுவினரும் செய்ததை. காடு வந்துவிட்டது என்று எழுதிவிட்டுத் திரும்பவில்லை. சாலையின் மறுபுறம், தோல் கொட்டாத அதே மாதிரி நிலத்தில் போய் மரங்களை அளந்தார்கள், மண்ணெடுத்தார்கள். 2017-ல் வெளியான முடிவு இது. தோல் விழுந்த பக்கத்தில் மரங்களின் மொத்த எடை 176 விழுக்காடு கூடுதல். மர வகைகள் மும்மடங்கு. மறுபுறத்தை அளக்காமல் விட்டிருந்தால் இந்த எண்களில் ஒன்றுகூட நமக்குக் கிடைத்திருக்காது.

பொள்ளாச்சியின் பழுப்பு மலை

தேங்காய் மட்டையை உரித்து ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறக்குறைய 2 கிலோ தூள் மிஞ்சும். ஒரு காலத்தில் பொள்ளாச்சிப் பக்கம் சாலையோரமெல்லாம் இந்தத் தென்னைநார்க் கழிவு குன்று குன்றாகக் கிடந்தது. மழையில் சாறு இறங்கிக் கிணறு நிறம் மாறும், வெயிலில் தீப்பிடித்தால் புகைந்துகொண்டே இருக்கும். மண்ணில் போட்டாலும் எளிதில் மக்காது. லிக்னின் என்னும் கட்டைப்பொருள் அதில் அவ்வளவு அதிகம்.

அதைத் தின்னத் தெரிந்த ஓர் உயிர் சிப்பிக்காளான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில் ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் போதும். அடுக்கடுக்காகப் பரப்பி ஈரம் காத்தால் சுமார் 60 நாளில் பழுப்புத் தூள் கருப்பு எருவாகும். கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112-லிருந்து 24-க்கு இறங்கும். மேலே சொன்ன நுண்ணுயிர்ப் பசி இங்கே தீர்ந்துவிடுகிறது.

இன்று அதே தூள் கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. ஐரோப்பாவின் நாற்றங்கால்களில் சதுப்புநிலக் கரியைத் தோண்டிப் பயன்படுத்துவார்கள். அந்தக் கரி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும், எடுத்தால் சீக்கிரம் திரும்ப வராது. அதற்கு மாற்று நம் தேங்காய் மட்டை. மாடித்தோட்டத்துக்கு வாங்குபவர்கள் மறக்கக்கூடாத ஒன்று, நார்க்கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை நீர் மாற்றிப் பிழியுங்கள். அதிலுள்ள உப்பு நாற்றைக் கருக்கிவிடும்.

சலூன் தரையிலிருந்து

தலைமுடியில் தழைச்சத்து ஏறத்தாழ 16 விழுக்காடு. தொழு உரத்தில் ஒரு விழுக்காடுகூடத் தேறாது. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெட்டிய முடியைக் கட்டிகளாக அழுத்தி, லெட்டூஸ் கீரை முதலிய பயிர்களுக்கு இட்டு 2008-ல் முடிவு வெளியிட்டார்கள். எதுவும் இடாத செடிகளைவிட விளைச்சல் கூடியது. ஆனால் முடி மக்கிச் சத்தை விடுவதற்குள் சீக்கிரம் வளரும் கீரை அறுவடைக்கு வந்துவிடும். அத்தகைய பயிருக்கு வேறு உரமும் துணைக்கு வேண்டும் என்றார்கள். நீண்ட நாள் பயிர்களுக்கு இது பொருந்தும். சாயம் ஏற்றிய முடியை விலக்குவது நல்லது.

சிறுநீரில் செங்கல், செங்கல்லோடு உரம்

2018 அக்டோபரில் கேப் டவுன் பல்கலைக்கழக முதுநிலை மாணவி சூசான் லாம்பர்ட் மனிதச் சிறுநீரிலிருந்து வளர்த்த செங்கல்லைக் காட்டினார். சூளை கிடையாது, தீ கிடையாது. கிளிஞ்சல் உருவாகிற மாதிரி, பாக்டீரியா மணலைச் சுண்ணாம்பால் ஒட்டவைத்துக் கல்லாக்குகிறது. ஒரு கல்லுக்கு 25 முதல் 30 லிட்டர் சிறுநீர் வேண்டும். பலரும் கவனிக்காத செய்தி ஒன்று. கல் செய்வதற்கு முன்பே சிறுநீரில் சுண்ணாம்பு சேர்த்து மணிச்சத்தைத் திடமான உரமாகப் பிரித்துவிடுகிறார்கள். கல் செய்தபின் எஞ்சும் நீரிலும் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் இருக்கின்றன.

நமக்கு இது அந்நியமல்ல. திருச்சி மாவட்டம் முசிறியில் சிறுநீரைத் தனியே பிரிக்கும் கழிப்பறைகளை ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனம் கட்டியது. பொதுக் கழிப்பறையில் காசு வாங்குவதுதான் வழக்கம். அங்கே பயன்படுத்தியவருக்குக் காசு கொடுத்தார்கள். சேர்ந்த சிறுநீர் பயிருக்குப் போயிற்று.

வேர் முடிச்சைப் பார்த்த சிறுமி

அயர்லாந்தின் கின்சேல் ஊரில் எமர் ஹிக்கி தன் அம்மாவின் தோட்டத்துப் பட்டாணிச் செடியைப் பிடுங்கியபோது வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தது. நிலக்கடலை பிடுங்கிய கை எதற்கும் பழகிய காட்சி இது. காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்களின் வீடு அது. இது பயறு வகைக்கு மட்டும்தான் உதவுமா என்று அவரும் தோழிகள் கியாரா ஜட்ஜ், சோஃபி ஹீலி-தோ ஆகியோரும் கேட்டார்கள். பார்லி, ஓட்ஸ் விதைகளில் அந்தப் பாக்டீரியாவை ஏற்றி, ஆயிரக்கணக்கான விதைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். முளைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2014 கூகுள் அறிவியல் கண்காட்சியின் முதல் பரிசு மூவருக்கும்.

ஒரு தொட்டியில் நாலு விதை போட்டு எழுதிய முடிவல்ல இது. ஆயிரக்கணக்கில் எண்ணி எழுதியது.

ஒருமுறை இட்ட எரு எத்தனை நாள் பேசும்?

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் ஒரு பார்லி வயல் துண்டுக்கு 1852 முதல் 1871 வரை ஆண்டுதோறும் தொழு உரம் இட்டார்கள். பிறகு ஒரு கூடைகூட இல்லை. நூறு ஆண்டுக்கு மேல் கடந்தும், எருவே காணாத பக்கத்துத் துண்டைவிட அந்த மண்ணில் கரிமச்சத்து கூடுதலாகவே இருந்தது. கொள்ளுத்தாத்தா அடித்த குப்பை கொள்ளுப்பேரன் காலத்திலும் நிலத்தில் நிற்கிறது.

இதே பண்ணைக்கு 1919-ல் கணக்கு பார்க்க வந்தவர் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். நிழலடிக்கும் மூலை, ஈரம் நிற்கும் பள்ளம் என்று வயல் எங்கும் ஒரே மாதிரி இருக்காது, ஆகையால் எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானியுங்கள், ஒவ்வொன்றையும் பலமுறை செய்யுங்கள் என்றார். இன்று புதிய மருந்துகளைச் சோதிக்கும் முறைக்கும் வேர் அந்தப் பார்லி, கோதுமை வயல்களில் இருக்கிறது.

வேப்பம் புண்ணாக்கு

எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் வேப்பம் புண்ணாக்கை யூரியாவோடு கலந்து போடுவது நம் உழவர்களின் பழக்கம். தழைச்சத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவை வேம்பு மந்தப்படுத்துவதால், உரம் நீரோடு ஓடாமல் பயிருக்கு நின்று கிடைக்கிறது. 2015-ல் இந்திய அரசு உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியது.

மாலையில் ஒரு நூல்

கோயில் பூக்கள் அருமையான எருவாகும். ஆனால் வாழைநாரில் கட்டிய மாலை பூவோடு சேர்ந்து மக்கும், நைலான் நூலில் கட்டியது மக்காது. பூவைக் கிள்ளி நூலைப் பிரிக்கும் வேலைக்கே ஆள் வேண்டியிருக்கிறது. நார் மாலை கேட்டு வாங்குங்கள்.

உள்ளூர் மண்புழு போதும்

சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய மண் உயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் மண்புழு உரத்துக்கு நம் நாட்டுப் புழுக்களே போதும் என்று நீண்டகாலமாகச் சொல்லியும் செய்து காட்டியும் வருபவர். பள்ளித் தோட்டத்தில் ஈரமான மரத்தடியில் சாணக் கரைசலைத் தெளித்து, சாக்கு போட்டு மூடி வையுங்கள். சில நாளில் உங்கள் ஊர்ப் புழுவே வந்து சேரும். எலுமிச்சைத் தோலும் ஊறுகாய் மிச்சமும் மட்டும் வேண்டாம், புளிப்பும் உப்பும் அதற்கு ஆகாது.

பத்துப் பயறு, இரண்டு தட்டு

எரு மக்கிவிட்டதா, செடிக்கு இடலாமா என்று அறிய இத்தாலிய ஆய்வாளர்கள் 1981-ல் ஒரு முறை சொன்னார்கள். எருவை நீரில் கலந்து வடிகட்டி, அந்த நீரில் கீரை விதையை முளைக்க வைத்து, வெறும் நீரில் முளைத்ததோடு ஒப்பிடுவது. உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் இது நடக்கிறது. வீட்டில் பாசிப்பயறு போதும். ஒரு தட்டில் ஈரத்துணி மேல் பத்துப் பயறு, தெளிக்க வெறும் தண்ணீர். இன்னொன்றிலும் பத்து, தெளிக்க எருத் தண்ணீர். மூன்றாம் நாள் எத்தனை முளைத்தன என்று எண்ணி, முளைவேரை அளவுகோலால் அளக்க வேண்டும். எருத் தட்டில் வேர் குட்டையாக இருந்தால் எரு இன்னும் காயாகவே இருக்கிறது. காபிச் சக்கை, தேயிலைச் சக்கை, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் இப்படிச் சோதிக்கலாம். செலவு ஒரு கைப்பிடிப் பயறு.

எதுவும் போடாத தொட்டி

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-ல் தொடங்கியது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தம் ஊரின் சிக்கலை எடுத்து ஆய்வு செய்து, தாய்மொழியிலேயே விளக்கலாம். தமிழ்நாட்டில் இதற்கு நீண்டகாலம் தோள் கொடுத்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். மாநாடுகளிலும் பள்ளிக் கண்காட்சிகளிலும் நான் பார்த்த இயற்கை உர ஆய்வுகள் பலவற்றில் தழைத்து நிற்கும் ஒரே ஒரு செடி இருக்கும். பக்கத்தில் பிள்ளை பெருமையோடு நிற்கும். அந்தச் செடி உரத்தால் தழைத்ததா, வெயில் நன்றாகப் பட்டதால் தழைத்ததா என்று சொல்ல அங்கே எதுவும் இருக்காது.

சில இடங்களில் வேறு காட்சியும் கண்டிருக்கிறேன். ஐந்து தொட்டி முட்டை ஓடு, ஐந்து தொட்டி வாழைத்தோல், ஐந்து தொட்டி வெறும் மண். மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம். பரிசு கிடைக்காதோ என்ற கவலையோடு அந்தப் பிள்ளைகள் நிற்பார்கள். காபிச் சக்கையைச் சோதித்த மெல்போர்ன் ஆய்வாளர்கள் செய்ததையே அவர்களும் செய்திருக்கிறார்கள் என்று யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும்.

ஆசிரியர்களே, நடுவர்களே, பெற்றோரே, அடுத்த முறை கண்காட்சிக்குப் போகும்போது தழைத்த செடியைப் பாராட்டிவிட்டு, ‘எதுவும் போடாத தொட்டி எது, கண்ணு? எத்தனை தொட்டி வெச்சே?’ என்று கேளுங்கள். காட்டக்கூடிய பிள்ளைக்கு, உரம் பலிக்காமல் போயிருந்தாலும், முதல் மதிப்பெண் போடுங்கள்.